மம்சாபுரம் விலக்கில் நின்ற வண்டி

பாண்டீஸ்வரி கோவாவுக்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிவபாண்டி மூன்று வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

வண்டி தயாராகிவிட்டது. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, ராஜபாளையத்தில் தன்னுடைய மரப்பட்டறையிலேயே நிறுத்தி, எட்டு மாதம் பாடுபட்டு அதை ஓடும் வீடாக மாற்றியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி, மூலையில் சின்னதாக ஒரு கழிப்பறை. ஆர்.சி. புத்தகத்திலும் ‘கேம்பர் வேன்’ என்று மாற்றி வாங்கியாகிவிட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிகிறது. மகள் காளீஸ்வரி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கேரளத்துக் கடற்கரையோரமாகவே ஏறி கோவா வரைக்கும் போய்த் திரும்ப இருபது நாள். மனைவி ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பாண்டீஸ்வரிக்குப் பயணம் பிடிக்காது என்றில்லை. நடுவழியில் நின்றுபோவதுதான் பயம். இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து வாடகைக் காரில் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி கியர்பாக்ஸ் போய்விட்டது. உச்சி வெயிலில் ஆறு மணி நேரம். லாரியும் காரும் விர் விர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. ஒருவர்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. ஒதுங்க ஒரு புதர் கிடையாது, குடிக்கப் பயந்து தண்ணீர்ப் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இப்பதான் வண்டிக்குள்ளயே கக்கூஸ் கட்டிருக்கம்லா ஈஸ்வரி?” என்பார் சிவபாண்டி.

“கக்கூஸ் இருக்கு. வண்டிய யாரு நகட்டுவா?” என்பாள் அவள்.

அதற்குத்தான் சாலை உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டால் வண்டி எங்கே நின்றாலும் ஆள் வந்து சரிசெய்வார்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொல்ல, மூன்று கம்பெனிகளின் திட்டங்களை அச்செடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அங்கேதான் தப்பு செய்தார். பாண்டீஸ்வரி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஓடுகிற துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் கையை வைத்து நிறுத்திவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் இருந்த மடக்கு மேசையில் உட்கார்ந்து, காகிதங்களையும் அப்படியே தடவித் தடவிப் படித்தாள்.

“மொத பிளான் காருக்கு மட்டுந்தான். மூணு டன்னுக்கு மேல இருந்தா இழுக்க மாட்டாங்களாம்.”

“அத எங்க போட்டிருக்கான்?”

“பதினோராம் பக்கத்துல, எறும்பு மாதிரி எழுத்துல.”

“ரெண்டாவது?”

“அதுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் போன் போட்டுப் பாத்தேன். ஒண்ண அமுக்குனா இங்கிலீசு, ரெண்ட அமுக்குனா இந்தி. நடுரோட்டுல நின்னுக்கிட்டு நான் இந்தி படிக்கவா?”

மூன்றாவது கம்பெனியில் ஒரு பெண் தமிழில் பேசியிருந்தாள். பெரிய வண்டியையும் ஏற்றிப் போகிற லாரி உண்டு, எங்கே நின்றாலும் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஆள் வரும், வேண்டாம் என்றால் பதினைந்து நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம் என்றாள்.

“அப்ப மூணாவதையே போட்டுருவோம்” என்று சிவபாண்டி செல்போனை எடுத்தார்.

“போடுங்க. ஆனா காயிதத்துல எல்லாரும்தான் வருவாங்க. நெசமாவே வாராங்களான்னு பாத்துட்டுத்தான் நான் வாரதப் பத்திச் சொல்லுவேன்.”

“எப்படிப் பாக்க?”

“நாளைக்கு வண்டிய எடுத்துட்டுப் போயி ரோட்டுல நிப்பாட்டுவோம். ரிப்பேர்னு கூப்பிடுவோம்.”

சிவபாண்டி அவளையே பார்த்தார். “பொய் சொல்லிக் கூப்பிடுறதா?”

“எங்க கம்பெனியில துணி எடுக்க வாரவுக, கட்டப் பிரிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போடுதாக?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கைத் தாண்டி, ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டி நின்றது. சிவபாண்டி முன்மூடியைத் தூக்கி, ஸ்டார்ட்டருக்குப் போகிற சின்ன ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாண்டீஸ்வரி போன் செய்தாள். அதே பெண்தான் எடுத்தாள். இருக்கும் இடத்தைச் செல்போனிலேயே வாங்கிக்கொண்டு, ஆள் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். மணி பத்து பன்னிரண்டு. பாண்டீஸ்வரி உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

பத்து பதினைந்துக்கு முதல் பைக் நின்றது. சிவபாண்டியிடம் வீட்டுக்கு ஜன்னல் செய்து வாங்கியவர்.

“என்ன அண்ணாச்சி, புது வண்டி மக்கர் பண்ணுதா?”

“ஸ்டார்ட் ஆகல” என்றார் சிவபாண்டி.

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் வேறு என்னதான் சொல்வது? சும்மா நடிக்கிறோம் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ராஜபாளையம் முழுக்கச் சிரிக்கும். ஜன்னல்காரர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அவருக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதிலிருந்து பாண்டீஸ்வரியோடு வேலை பார்க்கிற வெள்ளத்தாய் இறங்கி, ஆட்டோவை அனுப்பியே விட்டாள்.

“ஏட்டி, நீ இப்படி ரோட்டுல நிக்கும்போது நான் எப்படிப் போவேன்?”

“நீங்க கல்யாணத்துக்குத்தானக்கா போறீங்க? போங்க, எங்களுக்கு ஆளு வருது.”

“சாப்பாட்டுக்குப் போனாப் போதும். தாலி கட்டுறத போட்டோவுல பாத்துக்கிடலாம்.”

பத்தரை மணிக்குள் தோப்போரம் ஏழு பேர் நின்றார்கள். யாரோ இளநீர் வெட்டினார்கள். ஒருவர் வண்டிக்குள் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பலகை நல்ல பலகை என்றார். அப்போது கம்பெனிப் பெண் மறுபடி அழைத்தாள்.

“மேடம், நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?”

“பாதுகாப்புக்குக் கொறச்சலே இல்லம்மா” என்றாள் பாண்டீஸ்வரி.

அந்த நேரம் பார்த்து சங்கையாவின் டிராக்டர் வந்தது. சங்கையா சிவபாண்டியின் தாய்மாமன் மகன், மம்சாபுரத்தில் விவசாயம். எந்த இயந்திரத்தையும் தட்டினால் ஓடும் என்று நம்புகிறவர்.

“மாப்ளே, எனக்கு ஒரு போன் போட்டுருக்கக் கூடாதா? பேட்டரி எறங்கிருக்கும். டிராக்டர்லருந்து கரண்டு குடுத்தா ஒரே இழுப்புல எந்திரிச்சிரும்.”

“வேண்டாம் மச்சான், கம்பெனி ஆளு வந்துக்கிட்டு இருக்கான்.”

“எவனோ வந்து உன் வண்டியத் தொடுறதுக்கா நான் இங்க இருக்கேன்?”

சிவபாண்டி அவரைத் தடுக்கப் போனபோது, ஜன்னல்காரர் தன்னுடைய மெக்கானிக்கைப் பேசச் சொல்லிச் செல்போனை அவர் காதில் வைத்துவிட்டார். அந்த அரை நிமிடத்தில் சங்கையா கேபிளை எடுத்து மாட்டிவிட்டார். “அண்ணே, சிவப்பு எது கறுப்பு எதுன்னு பாத்து” என்று பாண்டீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் ‘பட்’ என்று ஒரு பொறி பறந்தது. கருகல் வாடை வந்தது.

சிவபாண்டி ஓடி வந்து, யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையில் இருந்த ஃபியூஸைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருகினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. இன்னொரு தடவை திருகினார். பிறகு மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

“ஈஸ்வரி, இப்ப நெசமாவே நின்னு போச்சு.”

பாண்டீஸ்வரி உள்ளங்கையைப் பார்த்தாள். நாற்பத்தைந்து நிமிடம் ஆக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. “செத்த நேரம் யாரும் எதையும் தொடாதீங்க” என்றாள். கம்பெனியில் மிஷினை நிறுத்தும்போது வருகிற குரல் அது. சங்கையாவே இரண்டடி பின்னால் போனார்.

பத்து ஐம்பத்தேழு ஆனது. யாரும் வரவில்லை.

“பேசாம டிராக்டர்ல கட்டி இழுத்துருவோம்” என்று சங்கையா தொடங்கினார். “நீங்க பேசாதீங்கண்ணே” என்றாள் பாண்டீஸ்வரி. பத்து ஐம்பத்தொன்பது. சிவபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாத வேலை அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியும்.

பதினொன்று நாலுக்கு, பின்னால் இரும்புப் பெட்டி கட்டிய பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனிச் சட்டை, நெஞ்சில் கிளாட்வின் என்று பெயர்ச்சீட்டு. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அவரும் யாரையும் தெரிந்தவர் மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

“கிருஷ்ணன்கோவில்லருந்து வாரேன். ரயில்வே கேட்டுல ஏழு நிமிசம் போயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. வண்டி நம்பர் சொல்லுங்க. போன்ல ஒரு ஓடிபி வந்திருக்கும்.”

அவ்வளவுதான் கேட்டார். எந்த ஊர், யார் மகள், யாருக்கு வாக்கப்பட்டாள், இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. முன்மூடிக்குள் தலையை விட்டார். மீட்டரை வைத்தார். இரண்டே நிமிடத்தில் நிமிர்ந்தார்.

“மெயின் ஃபியூஸ் போயிருக்கு. கேபிளை மாத்திக் குடுத்தது யாரு?”

சங்கையா மேற்கே மலையைப் பார்த்தார். வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளாட்வின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, பட்டையாக ஒரு ஃபியூஸை எடுத்துத் திருகி மாட்டி, மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சாவியைத் திருகச் சொன்னார். வண்டி உறுமியது. கூட்டம் தான்தான் சரிசெய்தது போல ஆசுவாசப்பட்டது.

வேலை முடிந்ததென்று கம்பெனிக்கு அனுப்ப அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பாண்டீஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். மனசில் வைத்துக்கொண்டு அனுப்ப அவளால் முடியவில்லை.

“தம்பி, மொதல்ல கூப்பிடும்போது வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வாரீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். பொறவுதான் நெசமாயிருச்சு.”

கிளாட்வின் முதல்முறையாகச் சிரித்தார். “புதுசாப் போடுறவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான்க்கா. போன வாரம் ஒரு டாக்டர் டயர்ல காத்த அவரே எறக்கிட்டுக் கூப்பிட்டாரு. வாரது எங்க வேலை.”

“மங்களூரு, கார்வார் பக்கம்லாம் நின்னா?”

“அங்க என்னைய மாதிரி ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் உங்களத் தெரியாது. வந்துருவான்.”

அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். இளநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. இன்னொரு வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக் கோயில் அடிவாரத்தில் நிற்கிறதாம்.

பாண்டீஸ்வரி அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பாசத்தில்தான் நின்றார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இத்தனை வருடமும் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில்தான் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. யாரென்றே தெரியாத ஒருவர் பதினேழு கிலோமீட்டர் வந்து, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டு, வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். கிருஷ்ணகிரிச் சாலையில் அவளுக்குத் தேவைப்பட்டது அப்படி ஓர் ஆள்தான்.

வெள்ளத்தாயை மண்டபத்தில் இறக்கிவிடுவதற்காக வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே விட்டார்கள். அவள் கட்டிலில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வந்தாள். ஏழு நிமிடத் தாமதத்தை மனைவி எப்படி எடுத்துக்கொள்வாள் என்று சிவபாண்டிக்குத் தெரியவில்லை. வெள்ளத்தாய் இறங்கிப் போனதும் மெதுவாகத் தொடங்கினார்.

“ரயில்வே கேட்டு போட்டா அவன் என்ன செய்வான், பாவம்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அப்ப பிளான ரத்து பண்ண வேண்டாம்லா?”

“எதுக்கு ரத்து பண்ணணும்?” பாண்டீஸ்வரி உள்ளங்கையில் இருந்த மையைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். “நாளைக்குக் கம்பெனியில லீவு எழுதிக் குடுக்கணும். இருபது நாள் போதுமான்னு பாருங்க. கோவாவுக்கு அங்கிட்டும் ஊரு இருக்குல்லா?”

சிவபாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“இப்ப எதுக்கு நிப்பாட்டுறீங்க?” என்றாள். “தெரிஞ்சவன் எவனாவது பாத்தா இறங்கி வந்துருவான். சீக்கிரம் எடுங்க.”