இரத்தத்தில் கரைந்த இடுப்பு

இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு விளையாட்டு டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. தேய்ந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகக் கிண்ணமும் உலோகக் குண்டும் வைத்திருந்தார்கள். சில மாதங்களிலேயே மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடினாள். பார்த்தவரிடமெல்லாம் அந்த மருத்துவரின் புகழ் பாடினாள். இடுப்பு வலியோடு நொண்டினாலும் ஊசி என்றாலே ஓடும் அண்ணனைக்கூட விடாமல் நச்சரித்து, அவரிடமே அதே மூட்டை வைத்துக்கொள்ளச் செய்தாள்.

நாலைந்து வருடம் போனது. மாடிப்படி மலையாகத் தெரிந்தது. தான் ஊதும் விசிலே எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போலிருந்தது. வயதாகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியதும் கணவன் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

இதய மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதயம் கால்வாசிதாம்மா வேலை செய்யுது. ரத்தக்குழாய்ல அடைப்பும் இல்ல. குடிப்பீங்களா?"

"காபியே குடிக்க மாட்டா டாக்டர்!" என்று கணவன் சீறினான்.

"இப்படியே போனா மாற்று இதயந்தான் வழி."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. நேற்றுவரை பிள்ளைகளை "ஓடு, ஓடு" என்று விரட்டியவள். யாரோ ஒருவர் செத்து, அவர் இதயம் தனக்கு வர வேண்டுமா?

மறுநாள் மருத்துவர் மறுபடி வந்தார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் "என்ன?" "என்ன?" என்றதைக் கவனித்தவர், போர்வையை விலக்கி இடுப்புத் தழும்பைப் பார்த்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்காங்க?"

"இரும்புதான். ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்."

அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் காதருகே உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல கோபால்ட்டுன்னு ஒரு உலோகம் இருக்கும்மா, இருக்க வேண்டியதைவிட நூறு மடங்குக்கு மேல. மூட்டு உரசி உரசித் தூளாகி ரத்தத்துல கலந்திருக்கு. காதைக் கெடுத்ததும் அதுதான், இதயத்தைக் கெடுத்ததும் அதுதான்."

"என்னை நடக்க வெச்சதே அதுதானே!" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை. கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, அண்ணனுக்கும் அதுதாங்க! போன வாரம் களைப்பா இருக்குன்னு சொன்னாரு. சோம்பேறின்னு திட்டினேனே! ஃபோன் போடுங்க!"

"நீ அங்க படுத்துக் கிடக்கற, எனக்கென்னடி?" என்று ஃபோனில் சிரித்தார் அண்ணன்.

"வாயை மூடிட்டு வாடா!"

பிறந்ததிலிருந்து அவள் அவரை 'டா' போட்டதில்லை. அவர் சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டுப் புறப்பட்டார். அவர் ரத்தத்திலும் உலோகம் ஏறியிருந்தது. இதயம் மட்டும் தப்பியிருந்தது.

அவளுக்கு மூட்டை எடுத்தபோது சுற்றியிருந்த சதை, பழைய எஞ்சின் ஆயிலில் ஊறியது போலக் கறுத்திருந்ததாம். அறுவை மருத்துவர்தான் அதைக் கணவனிடம் சொன்னார். உலோகத்துக்குப் பதில் பீங்கான் குண்டு வைத்தார்கள். சில வாரம் கழித்து அண்ணனுக்கும் மாற்றினார்கள்.

"என் மேல கோவமாண்ணா?" என்று அவர் கட்டிலருகே நின்று கேட்டாள்.

"இல்லாம? ஆனா இத்தனை வருஷம் வலியில்லாம நடந்தேனே, அதை யார் கணக்குல எழுதறது?"

"என்ன சொல்ற?"

"ஒண்ணுமில்ல, உக்காருன்னேன்!" என்று அவர் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

வருடம் திரும்புவதற்குள் இதயம் பாதிக்கு மேல் தேறிவிட்டது. மாற்று இதயம் என்ற பேச்சு அதோடு நின்றது. காது மட்டும் தேறவில்லை, கருவி மாட்டிக்கொண்டாள். மைதானத்துக்கு மறுபடி போகிறாள், ஓடுவதில்லை. சில நாள் நடுமைதானத்தில் சட்டென்று நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள். ஏன் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், "என் இதயம் ஓடுதான்னு பாத்தேன், நீங்க ஓடுங்க" என்று விசிலை ஊதுகிறாள்.