மூன்று முறை திரும்பி வந்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரே பயணத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்தார். மூன்று முறையும் காலை விமானம். மூன்று முறையும் டாக்சிக்காரர் வீட்டைத் தாண்டிப் போய், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

வெளிநாட்டில் தனியாக இருந்த அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தபோது, தேற எத்தனை நாளாகும் என்று அங்கிருந்த டாக்டரால் சொல்ல முடியவில்லை. "இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா, சட்டுனு சொல்லுங்க" என்று நாள் முழுக்க ஊரை விரட்டுகிற மனிதர், டிக்கெட் அலுவலகத்தில் திரும்பும் தேதியைக் கேட்டதும் முக்கால் மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது ஒரு தேதி போட்டாத்தான் சார் விசா கிடைக்கும்" என்றாள் அங்கிருந்த பெண். "நான் சட்டை வாங்கப் போனாலே மூணு எடுத்துட்டு வந்து ரெண்டைத் திருப்பிக் கொடுக்கிற ஆளும்மா" என்று தன் லட்சணத்தைத் தானே சொன்னார். அப்படித்தான் இருபதாம் நாளுக்கு ஒன்று, இரண்டாம் மாதத்துக்கு ஒன்று, ஐந்தாம் மாதத்துக்கு ஒன்று என்று திரும்புவதற்கு மூன்று டிக்கெட்டுகள் பதிவாயின. வேண்டாத இரண்டைப் பிறகு ரத்து செய்துகொள்வதாக ஏற்பாடு. ஆனால் முதலாவதை ரத்து செய்தால், அண்ணன் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார் என்று தானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகும். கடைசியை ரத்து செய்தால், அதுவரை அண்ணன் இருக்க மாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். நடுவில் இருந்தது, பாவம், யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. மூன்றும் அப்படியே நின்றன.

இருபதாம் நாள் வந்தவர், அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்ற நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு மறுநாளே கடையைத் திறந்தார். இரண்டாம் மாதம் யாரோ கதவைத் தட்டியபோது திறந்தவரும் அவர்தான், நான்கு கிலோ இளைத்துப் பெட்டியோடு வெளியே நின்றவரும் அவர்தான். யார் யாருக்கு வழிவிடுவது என்று இருவரும் வெகுநேரம் தயங்கி நின்றதை வைத்து, இருவருமே அசல்தான் என்று மனைவி முடிவுசெய்தாள்.

"அங்க இன்னும் ஒருத்தர் இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்" என்றார் வந்தவர். "அண்ணன் பக்கத்துல. அண்ணனுக்குத்தான் பேச்சு குறைஞ்சிடுச்சு."

ஐந்தாம் மாதம் மூன்றாமவர் அண்ணனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணன் போய்விட்டார் என்றார். முதலில் வந்தவர் சுவரோடு ஒட்டி நின்றார். இருபது நாளில் ஓடிவந்தவன் தான்தானே என்பது அவரைக் குத்தியது.

"கடைசியில என்னைக் கேட்டாரா?"

"எதுக்குக் கேக்கணும்? கையைப் பிடிச்சுட்டு நீதானே உட்கார்ந்திருந்தே."

மூவரும் சேர்ந்து அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுவில் வந்தவர் மற்ற இருவரையும் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு கோரமாவா நான் அழுவேன்?" என்றார். "கல்யாணத்தன்னிக்கே பார்த்துட்டேன்" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் அவள் ஆசாரியை வரவழைத்து, சாப்பாட்டு மேசைக்கு இன்னும் இரண்டு நாற்காலி செய்யச் சொன்னாள். அவர் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கை வைத்த நாற்காலியா, வைக்காததா என்று கேட்டார். வைத்ததே இருக்கட்டும் என்றாள். கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள்.