நல்ல சத்தமாக நாலு டயர்

என் காரைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு முன்பே என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வண்டி. சிவப்பு செடான். தரையோடு பதுங்கின உடம்பு, காலை லேசாக வைத்தாலே சீறிக்கொண்டு கிளம்பும். ஓட்டுவது எப்போதும் நான்தான். என் வீட்டுக்காரர் பிரபாகர் இடது பக்கம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கல்யாணமான புதிதில் ஒழுங்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். தாராபுரம் ரோட்டில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் இந்தப் பழக்கம். "அவ்வளவு பயமா இருந்தா பஸ்ல வாங்க" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டுவிட்டேன். சிரித்தே மழுப்பிவிடுவார்.

எங்கள் மகன் பரணிக்கு எட்டு மாதம். அவன் தூங்குவதென்றால் அது காரில்தான். வீட்டில் தொட்டில் கட்டிப் பார்த்தோம், தோளில் போட்டு நடந்து பார்த்தோம், தெரிந்த பாட்டு எல்லாம் பாடித் தீர்த்தோம். ம்ஹூம். பின் சீட்டில் குழந்தை நாற்காலியில் கட்டி, தாராபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும், தலை சாய்ந்துவிடும். தொட்டிலில் இறக்கியதும் மறுபடி முழித்துக்கொள்வான். மறுபடி சாவி, மறுபடி ரோடு. ஊரில் இருக்கிற பெட்ரோல் பங்க்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு உறவினர்கள் ஆகிவிட்டார்கள்.

தூக்கம் கெட்டதில் என் வேலையும் கெட்டது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். ஆர்டரின் கலர் எல்லாம் என் கண் பார்த்துத்தான் ஓகே ஆகும். போன வாரம் மெரூன் துணிக்குப் பதிலாக பிரவுன் துணிக்கு ஓகே போட்டுவிட்டேன். மேனேஜர் தனபால் கூப்பிட்டு, "மைதிலி, மொதல்ல நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஆர்டரை வேற ஆளுக்கு மாத்தி உட்ருவேன்" என்றார். மரியாதையாகச் சொன்னார். அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

இந்த லட்சணத்தில் புதன்கிழமை மழையில் பிரேக் போட்டதும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் ஒரு மினி பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்றது. பின் சீட்டில் பரணி. எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. பிரபாகர் கீழே இறங்கி டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத மாத்தாம இனி வண்டிய நகத்தக் கூடாது" என்றார். அவர் இப்படி அடித்துப் பேசுவது வருஷத்தில் ஒருநாள் நடந்தால் பெரிது.

ராயபுரத்தில் பசீர் அகமது பாய் டயர் கடை வைத்திருக்கிறார். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு நேராக அங்கே போனோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பட்டனே இல்லீங்களே. மொட்டை. அதுவும் ஒரு பக்கமா தேஞ்சிருக்குது. உள்ள உக்காந்தா ஊம்னு ஒரே சத்தமா இருக்குமே?" என்றார்.

"அது கெடக்குது சத்தம். நாங்க அதைக் காதுல வாங்கறதே இல்லீங்க."

"சரி, எப்படி வேணும்? ரோட்டை நல்லாக் கவ்விப் புடிக்கறது இருக்குது, சீக்கிரம் தேயும். ரொம்ப நாள் வர்றது இருக்குது, கொஞ்சம் கட்டை, குலுக்கும். அப்புறம் இது. பிரேக்கும் நிக்கும், சத்தமும் இருக்காது. பூனை நடக்கற மாதிரி போகும்."

வழக்கமான மைதிலியாக இருந்தால் முதலாவதைத் தொட்டிருப்பேன். ஆனால் பரணியின் சிவந்த கண் ஞாபகம் வந்தது. சத்தம் இருக்கும்போதே தூங்குகிற பிள்ளை, சத்தம் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகத் தூங்கும்! "அந்தப் பூனையைப் போடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே பூனையை ஓட்டிப் பார்த்தோம். ஆகா, என்ன ஓட்டம்! ரோட்டில் போகிற உணர்வே இல்லை. தாராபுரம் ரோட்டில் வழக்கமாக அவன் தலை சாய்கிற இடம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பரணி கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். குண்டடம் தாண்டினோம். வீல் என்று ஆரம்பித்தான். திரும்பி வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அது போதாதென்று என் வீட்டுக்காரரும் கண்ணை மூடவில்லை. "லாரி வருது பாரு." "ஸ்பீடு பிரேக்கர் புள்ள." "அக்கட்டால ஒதுக்கு." வழி நெடுக எனக்கு டிரைவிங் கிளாஸ். கண்ணை மூடிக்கொண்டு வந்த பழைய மனுஷனே தேவலை என்று ஆகிவிட்டது. வியாழனும் வெள்ளியும் இதே கூத்து. அருமையான டயர், அழுகிற பிள்ளை, நொணநொணக்கிற புருஷன்.

சனிக்கிழமை மத்தியானம், நூல் வந்திருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று பிரபாகர் ராயபுரம் போகச் சொன்னார். அங்கே அவருக்குப் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட் ஒன்று சின்னதாக உண்டு. கீழே இரவு பகலாக மிசின் ஓடும். மேலே இருக்கிற வீட்டில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். நானும் கல்யாணமாகி அங்கேதான் வந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கு மண்டையே வெடித்துவிடும். பரணி பிறந்து இரண்டு மாதம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சண்டை போட்டு, அழுது, சாப்பிடாமல் இருந்து, அமைதியான இடத்தில் புது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய வீடு இப்போது நூல் குடோன்.

பிரபாகர் உள்ளே போனார். நான் காரை வாசலில் நிறுத்தி, பரணியின் அழுகைக்கு நடுவே கதவைத் திறந்து வைத்தேன். அழுகை ஒரு விக்கலோடு நின்றது. திரும்பிப் பார்த்தேன். தலை தொங்கிவிட்டது. வாயோரம் எச்சில். கார் ஓடவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மிசின்தான்.

'அட கெரகமே' என்று தலையில் அடித்துக்கொண்டேன். வயிற்றில் இருந்தபோதும் பிறந்த பிறகும் அவன் கேட்டதெல்லாம் அந்த ஊம் என்கிற சத்தம். காரின் ஆட்டத்தில் தூங்குகிறான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் அந்த மொட்டை டயரின் சத்தத்தில் தூங்கியிருக்கிறான். போனில் மிசின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டி கொஞ்ச தூரம் போனதும் போட்டுப் பார்த்தோம். முழித்துக்கொண்டு போனைப் பிடுங்க வந்தான்.

அப்படியே பாய் கடைக்குப் போனேன். "பாய், இருக்கறதுலயே நல்லா சத்தம் போடற டயரா நாலு குடுங்க."

பாய் என்னையும் பிரபாகரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஏதாவது கோவமா?"

விஷயத்தைச் சொன்னேன். கடைக்குள் இருந்து அவர் மனைவி நசீம் பானு எட்டிப் பார்த்தார். "சத்தம்தானே வேணும்? எங்க வண்டியில ஏறிப் பாருங்கம்மா. ரோட்டைக் கவ்விப் புடிக்கும்னு போன மாசம் என்னத்தையோ போட்டார். எங்கம்மா ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காது போயிருது."

பாய் வண்டியும் என் வண்டி மாதிரியே செடான், அதே அளவு சக்கரம். பாய் ஓட்டினார், பிரபாகர் முன்னால், நானும் பரணியும் பின்னால். ரயில்வே பாலம் இறங்கி நேர் ரோட்டில் வேகம் எடுத்ததும் தொடங்கியது பாருங்கள், ஊம் என்று. மடியில் திமிறிக்கொண்டிருந்த பரணி கொட்டாவி விட்டான். அடுத்த சிக்னலுக்குள் தூங்கிவிட்டான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய். உடனே பதறிப்போய், "அம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கை அதே மேல் பிடியில். தலை ஜன்னலில். வாய் திறந்து, மெல்லிய குறட்டை.

ஓட்டுவது நான் இல்லை. என் வேகத்துக்குப் பயந்து அவர் கண்ணை மூடவில்லை. எந்த நாளும் பயந்து மூடியதில்லை, தூங்கத்தான் மூடியிருக்கிறார்.

கடைக்கு வந்து வண்டி நின்றதும் திடுக்கென்று எழுந்தார். தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "ஏனுங்க, நம்மூட்ல நீங்க தூங்கறதே இல்லீங்களா?"

"கொஞ்சம் தூங்குவேன்."

"நெசத்தைச் சொல்லுங்க."

"பொறந்ததுல இருந்து மிசின் சத்தம் புள்ள. கரண்ட் போயி மிசின் நின்னா எங்கூட்ல அத்தனை பேரும் எந்திரிச்சு உக்காந்துக்குவோம். புது ஊட்ல ஒரு சத்தமும் இல்லியா, முழிச்சுட்டே கெடப்பேன்."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலீங்க?"

அவர் காலால் ஒரு நட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "குடிபோன அன்னிக்கு நீ எப்படித் தூங்குன தெரியுமா? அத்தனை மாசமா அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. ஓங்கி ஒரு அறை விடவும் கை வந்தது. பாய் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

பாயும் நானும் டயரை மாற்றிக்கொண்டோம். பூனை அவர் வண்டிக்கு, ஊம் என் வண்டிக்கு. நசீம் பானு எனக்கு ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்.

தாராபுரம் ரோட்டில் ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன். புது டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்தது, வண்டிக்குள் சத்தம் நிறைந்தது. பின்னால் ஒருத்தன், பக்கத்தில் ஒருத்தர், இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. முகத்தில் என்ன ஒரு நிம்மதி! பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. நான் அழுது வாங்கின வீட்டில் இந்த முகத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது. நிறுத்தினால் இரண்டும் எழுந்துவிடும். மூலனூர் வரைக்கும் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நேராகவே விட்டேன். மேல் வீட்டில் அடுக்கியிருக்கிற நூல் மூட்டைகளை எங்கே மாற்றுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ராயபுரத்துக்கே திரும்பிவிட வேண்டியதுதான். எனக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு இருந்தால் போதும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்?