சத்தம் இல்லாத இருபது சுற்று

வட கரோலினாவின் அந்தச் சிறிய பந்தயத் தளத்தில் பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர் டெல்மர் டட்டரோ. மூன்று முறை ஜெயித்திருக்கிறார். அதில் ஒன்று, மற்ற எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றுவிட்ட நாளில்.

சனிக்கிழமை மத்தியானம் தளத்துக்குச் சொந்தக்காரி மிஸ் வெர்லீன் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வருஷம் விதிகள் மாறலாம். இப்போதிருக்கிற பெட்ரோலும் பெரிய எஞ்சினும் தொடரலாம். சோளத்தில் வடித்த எரிபொருளும் சின்ன எஞ்சினும் வரலாம். இல்லாவிட்டால் ஒரேயடியாக பேட்டரி கார். ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் கை தூக்கி முடிவு செய்யட்டும் என்றாள்.

டெல்மர் எழுந்துவிட்டார். எஞ்சின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போலத்தான் இருக்கும்.

"பேட்டரியா? மிஸ் வெர்லீன், சத்தம் இல்லாம ஓடுனா அது ரேஸ் காரா, பிரிட்ஜா?"

"ரெண்டு கார் சோதனைக்கு வந்து நிக்குது. இருபது சுத்து ஓட்டிட்டு வந்து பேசு."

"அவன் ஓட்ட மாட்டான், பயம்" என்றான் ராய்ஸ் பெனிங்கர். போன வருஷத்துக் கோப்பைக்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"யாருக்குடா பயம்? நீயும் வா, பாத்துக்கலாம்!"

சாயங்காலம் கூட்டம் நிறைந்திருந்தது. பச்சைக் கொடி விழுந்தது. இரண்டு கார்களும் தையல் மிஷின் போல ஒரு முனகலோடு கிளம்பின. ராய்ஸ் முன்னால், டெல்மர் பின்னால்.

முதல் சுற்றில் டயர் உரசும் சத்தம் கேட்டது. தன் மூச்சே கேட்டது. இரண்டாவது சுற்றில் ஒரு மனிதக் குரல் கேட்டது.

"பிரேக்கிலேருந்து காலை எடுடா, சோம்பேறி!"

டெல்மர் திடுக்கிட்டுப் பார்த்தார். பார்வையாளர் வரிசையில் பாஸ்டர் லூத்தர். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நின்றார். இத்தனை வருஷமாக அந்தக் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம், பாஸ்டர் தனக்காக ஜெபம் செய்கிறார் என்று டெல்மர் மனம் உருகியிருக்கிறார்.

அடுத்து, வேகவைத்த கடலை விற்கிற கடைக்குப் பக்கத்திலிருக்கும் வரிசை. டெல்மர் கார் வரும்போதெல்லாம் மொத்தமாக எழுந்து கத்தும், டெல்மரும் கையசைப்பார். இப்போதுதான் வார்த்தை காதில் விழுந்தது. "எழுந்திரு டெல்மர், விடிஞ்சுபோச்சு!"

அசைக்கத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

ஐந்தாவது சுற்றில் மனைவி நடீன் வேலியோரம் நின்று கையை வெளிப்பக்கமாக வீசினாள். வழக்கம்போல அது பறக்கும் முத்தம் என்று நினைத்து, பதில் முத்தம் அனுப்ப உதட்டைக் குவித்தார்.

"வாயை மூடிட்டு மூணாவது வளைவுல வெளிப்பக்கமா போ!" என்றாள் நடீன்.

"என்னது?" என்று கேட்பதற்குள் கார் தாண்டிவிட்டது. பதிலுக்கு ஒரு சுற்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"வெளிப்பக்கம்! உள்ள போனா வேகம் செத்துப்போகுது!"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" இது ஏழாவது சுற்று.

"பத்தொன்பது வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன்!" இது எட்டு.

"வீட்ல சொல்லக்கூடாதா?" ஒன்பது.

"ரேஸ் முடிஞ்சா உனக்குக் காது அடைச்சுக்கும், செவ்வாய்க்கிழமைதான் திறக்கும்! அதுக்குள்ள எனக்கு மறந்துபோயிடும்!" பத்து.

கூட்டம் பந்தயத்தை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தது. நடீனுக்குக் குடிக்க யாரோ எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டெல்மர் வெளிப்பக்கமாகப் போக ஆரம்பித்தார். அட, உண்மைதான்! ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைந்தது. கடைசிச் சுற்றில் ராய்ஸ் காரின் வால்பக்கத்தைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்டார். மூன்றாவது வளைவில் வெளிப்பக்கம் திரும்பினார். அங்கே ஏற்கெனவே ராய்ஸ் இருந்தான்.

அவனுக்கும் காது இருக்கிறதே! நடீன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டான்.

ஆனால் அவனுக்கு அந்தப் பாதை பழக்கம் இல்லை. அகலமாகப் போனவன் சுவரை உரசிவிட்டான். உள்பக்கம் காலியாகக் கிடந்தது. டெல்மர் பழைய பாதையிலேயே புகுந்து அரைக் கார் நீளத்தில் ஜெயித்தார்.

"நான் போட்ட திட்டம்தான் இது" என்று நடீன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு வாக்கெடுப்பு. பேட்டரி காருக்குப் பார்வையாளர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். ஓட்டுநர்களில் ஒருவர்கூடத் தூக்கவில்லை. ஜெயித்த டெல்மரே எழுந்து, "மிஸ் வெர்லீன், பெட்ரோல்னா பெட்ரோல், சோளம்னா சோளம். எதை வேணும்னாலும் ஊத்துங்க. சத்தம் மட்டும் வேணும்மா" என்று கெஞ்சினார்.

மிஸ் வெர்லீன் யோசித்தாள். வழக்கமான பந்தயங்களுக்குப் பெட்ரோலும் பெரிய எஞ்சினும் அப்படியே இருக்கட்டும், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் பேட்டரி கார் என்று தீர்த்துவைத்தாள். அந்தச் சனிக்கிழமைக்கான முன்வரிசை இடங்கள் அன்றைக்கே தீர்ந்துபோயின.

வீட்டுக்குத் திரும்பும்போது நடீன்தான் வண்டி ஓட்டினாள். டெல்மருக்கு அபூர்வமாகக் காது தெளிவாக இருந்தது. பாதி வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நடீன், இத்தனை வருஷத்துல வேற என்னென்ன சொன்னே?"

நடீன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இருக்கையில் திரும்பி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கல்யாணத்துலேருந்து ஆரம்பிக்கவா?"