காண்டாமிருகத்தின் குதிரை நிழல்

குடலில் ஒரு கிருமிகூட இல்லாத எலிக்கு நிழல் விழாது. ஆய்வுக்கூடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் வாயைப் பிளப்பார்கள், அடுத்த வாரம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். காற்றைக்கூட வடிகட்டி அனுப்பும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பிறந்த எலிகள் அவை. எந்தக் கிருமி எந்தச் சர்க்கரையை உடைக்கிறது என்று பார்க்க, வேறொரு பிராணியின் கழிவைக் கரைத்து அவற்றுக்குப் புகட்டுவார்கள். மறுநாளே நிழல் விழும், ஆனால் கொடுத்த பிராணியின் நிழல். முயலிடம் வாங்கிய எலிக்கு நீளக் காது விழுந்தது. பூனையிடம் வாங்கிய எலி தன் நிழலைப் பார்த்துத் தானே அலறியடித்து ஓடியது, பாவம். இதையெல்லாம் செய்தவளை, வாயைத் திறந்தாலே சர்க்கரைப் பேச்சு என்பதால், சர்க்கரையக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவளுடைய தம்பி மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகக் கொட்டடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் குட்டி போட்ட கையோடு செத்துப்போக, குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து அவன்தான் வளர்த்தான். கேட்பவர்களிடம் எல்லாம் என் பொண்ணு என்றான். அவன் மகா சுத்தக்காரன். தாயின் சாணத்தை ஒரு துளி விடாமல் அள்ளிக் கொட்டிவிட்டு, பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவினான். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படி ஒரு பளபளப்பு. பால் குடித்தவரை குட்டி கொழுகொழுவென்று இருந்தது. புல்லுக்கு மாறியதும் வற்றத் தொடங்கியது. தின்ற புல் தின்ற மாதிரியே வெளியே வந்தது. விலா எலும்பு தெரிந்தது. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். தம்பி அக்காவுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதான்.

அவள் வந்து வெயிலில் நின்ற குட்டியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஏண்டா, இதோட நிழல் எங்க?"

"நிழல் கிடக்கட்டும்க்கா, செரிக்க மாட்டேங்குது, அதைப் பாரு."

"ரெண்டும் ஒண்ணுதான்டா மடையா! புல்லுக்குள்ள இருக்கறதும் சர்க்கரைதான், பூட்டி வச்ச சர்க்கரை. அதைத் திறக்கற கிருமி அம்மா சாணத்துல இருந்திருக்கும். குட்டிங்க அதைத் தின்னுதான் வளரும். நீ மொத்தத்தையும் கழுவித் தள்ளியிருக்க!"

தம்பியின் முகம் செத்துப்போனது. திட்ட அவளுக்கு நேரமில்லை. இன்னொரு காண்டாமிருகத்துக்கு எங்கே போவது? காண்டாமிருகத்தைப் போலவே பின்குடலில் புல்லை ஊறவைத்து உடைக்கும் பிராணி வேறு எது என்று யோசித்தாள். சட்டென்று கையைத் தட்டினாள். குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவரும் குட்டைக் குதிரை பக்கத்திலேயே நின்றது! அது லத்தி போட்டதும் பையில் பிடித்து, காற்று பட்டால் கிருமி செத்துவிடும் என்று காற்றைப் பிதுக்கிக் கட்டி, சூடு ஆறாமல் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார். டாக்டரின் அறையில் லத்தியைக் கரைத்து, கரைசலில் கொஞ்சத்தை அரைத்த புல்லோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றி மூடி வைத்தாள். சற்று நேரத்தில் ஒரு குமிழி கிளம்பியது, பிறகு ஒன்பது, பிறகு எண்ண முடியவில்லை. "பொங்குதுடா! பொங்குது! திறந்துடுச்சுடா!" என்று டாக்டரையே டா போட்டுக் கத்தினாள். அவரும் கோபிக்காமல் கூடவே கத்தினார்.

மிச்சத்தைப் பாலில் கலந்து குட்டிக்குப் புகட்டினார்கள். மறுநாள் நிழல் இல்லை. தம்பி அன்று சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் காலை கதவைத் திறந்தான், வெயில் உள்ளே விழுந்தது, தரையில் பிடரி மயிர் அசைய ஒரு குதிரை நின்றது. சாணம் பழுப்பாக, நன்றாக அரைபட்டு வந்திருந்தது. அதைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு, சுத்தக்காரன் குதித்துக் குதித்து ஆடினான்.

குட்டி தேறியது, மலையாக வளர்ந்தது. சாயங்காலமானால் நிழல் நாலுகால் பாய்ச்சலில் முன்னால் ஓட, அத்தனை கனமான உடம்பு மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது. பார்க்க வந்தவர்கள் முதலில் படம் எடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். சில வருடம் கழித்து வெளியூரிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தார்கள். பெண் குட்டி பிறந்தது. குட்டி அம்மாவின் சாணத்தை முகர்ந்து தின்ற மறுநாள் தம்பி போன் போட்டான்.

"அக்கா, நீ பாட்டி ஆயிட்ட. குட்டிக்கு நிழல் விழுந்துடுச்சு!"

"அடப்பாவி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலடா! சரி, என்ன நிழல்?"

"இதென்ன கேள்வி? குதிரைக்குட்டிதான்."