எண்ணூர் மாடியில் பழுக்கவிடாத தக்காளி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு தொண்டு நிறுவனம். பருவநிலை மாற்றம் பற்றி நம்பிக்கையூட்டும் கதை வேண்டும் என்றார்கள். பெரிய ஆள் மாதிரி தலையாட்டிவிட்டு எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். முதல் வரியைப் பஸ்ஸிலேயே எழுதினேன்:

சாம்பல் படிந்த வானத்தின் கீழே பசுமையின் முதல் துளிர்...

(அடித்துவிட்டேன். அன்றைக்கு வானம் நன்றாகத்தான் இருந்தது.)

2

நர்மதாவிலிருந்து தொடங்குகிறேன். மீனவர் குடியிருப்பில் நான்காவது மாடி. அவள் தலைக்கு மேலே மொட்டை மாடிதான். சித்திரையில் அந்த வீட்டுக்குள் மனுஷர் இருக்க முடியாது. பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து மேலே கூட்டுப் பண்ணை போட்டாள். வரிசையாகப் பைகளில் தக்காளிச் செடி. அதன் பிறகு கூரைச் சூடு இறங்கி, அவள் கைக்குழந்தை மதியத்தில் அழாமல் தூங்க ஆரம்பித்தது. நிறுவனம் இதைப் பருவநிலைத் தகவமைப்பு என்கிறது. நர்மதா, "வெக்க கம்மியாகீது" என்கிறாள்.

3

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஞானதுரை, கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர். தளம் ஒழுகிவிடும் என்று அவருக்குப் பயம்.

"எம்மா, ஆறு மாசமா தண்ணி ஊத்துறீங்க, ஒரு பழத்தக் கண்ணுல காணல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன். செடியிலயே செவந்து நிக்கணும். கூடையில காட்டுனா எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேப்பேன். இல்லன்னா பையெல்லாம் எறக்கிருங்க."

காய்க்காமல் இல்லை. கழிமுகத்தில் வலை போட, குப்பத்தில் சீட்டுக் குலுக்கி நாள் பிரிப்பார்கள். உன் நாளில் பட்டதெல்லாம் உனக்கு. பெண்கள் அதே முறையை மாடிக்கும் ஏற்றிவிட்டார்கள். அன்றைய முறைக்காரி சுண்டைக்காய் அளவுப் பிஞ்சைக்கூட விடுவதில்லை.*

"பழுக்க வுடக்கூடாதாக்கா?" என்று நர்மதா மூத்தவளான குப்பம்மாவிடம் கேட்டாள்.

"வுட்ட மீனு நாளிக்கு நம்ம வலைக்கா வரும்? மங்கம்மா வலைக்குப் பூடும்."

லாரித் தண்ணீர் வரிசையில் ஒரு குடம் நகர்ந்த விவகாரத்தில், குப்பம்மாவும் அவளுக்கு அடுத்த முறைக்காரியான மங்கம்மாவும் பேசி ஏழு வருஷம் ஆகிறது.

* பிஞ்சுத் தக்காளிக் கூட்டு நானும் சாப்பிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

4

முடிவு ஒன்று: நர்மதா கூட்டம் போட்டு முறையை மாற்றுகிறாள். (போட்டாள். மூன்று மணி நேரம். டீதான் தீர்ந்தது.)

முடிவு இரண்டு: பழம் வாங்கி நூலால் செடியில் கட்டி... (மளிகைக்காரரிடம் தக்காளியிலா விளையாடுவது?)

முடிவு மூன்று: அப்போது திடீரென்று மழை

(வேண்டாம்.)

5

அந்த வாரம் ஊரே திருவிழாவில் இருந்தது. மாடிக்கு ஏறியவள் நர்மதா மட்டும். தண்ணீர் ஊற்றினாள், பறிக்கவில்லை. அவள் முறை இல்லை. இலை மறைவில் முன்பே கைக்குத் தப்பியிருந்த காய்கள் சிவந்தன.

சனிக்கிழமை குப்பம்மா முறை. கூடையோடு மேலே போனாள். அவள் குணம் எனக்குத் தெரியும் என்பதால், 'மொத்தத்தையும் பறித்தாள்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். வெறும் கூடையோடு இறங்கி வந்தாள்.

"இன்னாக்கா, பறிக்கலியா?"

"ஒம் பொண்ணு கீய தூங்கிகினு கீது. கை வரல" என்றாள் குப்பம்மா. "நாளிக்கு மங்கம்மா மொற. நீயே சொல்லிக்கோ. நான் அவளாண்ட பேசமாட்டேன்."

நர்மதா அழுதுவிட்டாள். நான் என் வரியை அடித்தேன்.

சாயங்காலம் நர்மதா மங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "அவளா வுட்டா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

ஞாயிறு, காலை ஆறு. மங்கம்மா கூடையோடு படியேறுகிறாள். நர்மதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூரையையே பார்த்தபடி நிற்கிறாள். மேலே காலடிச் சத்தம் செடிகள் பக்கம் போய் நிற்கிறது.

நிறுத்திக்கொள்கிறேன். குப்பம்மாவைத் தப்பாக எழுதிவிட்டேன். மங்கம்மாவையும் தப்பாக எழுதப் பயமாக இருக்கிறது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஞானதுரை பத்து மணிக்கு வந்துவிடுவார்.