உச்சிக்குழி வாட்ச்மேன்

சிப்பித்துறையில் குழந்தை பிறந்த அன்றே அதன் உச்சிக்குழிக்கு ஒரு வாட்ச்மேன் வந்துவிடுவார். காக்கிச் சட்டை, விசில், மடக்கு நாற்காலி எல்லாம் அவரே கொண்டு வருவார். பிள்ளையின் தலைக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவர் பொறுப்பு. தாலாட்டை விடுவார், லாரி ஹாரனைத் திருப்பி அனுப்புவார். உச்சிக்குழி மூடும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே குடியிருந்துவிடுவார். பிறகு பிள்ளைக்கு ஆயுசுக்கும் கவலையில்லை.

ஜெனோவாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், பெண்ணொன்று ஆணொன்று. டெல்பினுக்கு ஓர் அம்மாளும் ஆன்றோவுக்கு ஓர் ஆளும் காவலுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வாரமே ஜெனோவாவுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் தனியறையில் போட்டுவிட்டார்கள். வீட்டில் புருஷன் கிளமென்ட்தான் எல்லாம். பாவம், நல்ல மனுஷன். பால் கரைத்தார், துணி அலசினார், வாட்ச்மேன்களுக்கும் வேளாவேளைக்குச் சோறு வைத்தார். ஆனால் புது வாட்ச்மேன்கள் தாய் ஊட்டினால்தான் சாப்பிடுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அவருக்கு மட்டும் தெரியவில்லை. இவங்களுக்கு என்ன இவ்வளவு கிராக்கி என்று அலுத்துக்கொண்டார்.

ஜெனோவா திரும்பி வந்தபோது டெல்பினின் காவல் அம்மாள் எலும்பும் தோலுமாக, ஆனால் நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தாள். ஆன்றோவின் நாற்காலி காலி. கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு, ஐஸ் பேக்டரி சங்கு, அடுத்த வீட்டுப் பிலோமினாளின் மூட்டுவலி எல்லாம் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நர்ஸ் தங்கபுஷ்பம் வந்து உச்சியைத் தடவிப் பார்த்தாள்.

“தாயக் காணலன்னா பொம்பளப் பிள்ளைக்கு வாரவங்க கதவ இறுக்கிப் பூட்டிக்கிடுவாங்க. ஆம்பளப் பிள்ளைக்கு வாரவங்க தேடிக்கிட்டு எறங்கிப் போயிருவாங்க. குழி மூடிக்கிட்டு வருது, ஜெனோவா. அதுக்குள்ள ஆளக் கொண்டாந்து உக்கார வையி. இல்லன்னா கதவச் சாத்த ஆளில்லாம அவனுக்குச் சாவுற வரைக்கும் தெறந்த வீடுதான்.”

தன் காய்ச்சல்தானே பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது என்று ஜெனோவா மூக்கைச் சிந்தி அழுதாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஆன்றோவின் ஆள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அங்கிருந்த பெரிய வாட்ச்மேன் பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்று சொன்னதால், அவளைத் தேடி வந்த அன்றிலிருந்து அதே இடத்தில் நின்றிருக்கிறார்.

“நீங்க வெளிய வரவே இல்லியேம்மா” என்றார்.

“பின்வாசல் வழியா வந்துட்டேன், ராசா.”

அவருக்கு உதடு பிதுங்கியது. ஜெனோவா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அவர் அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தார்.

நாற்காலியில் உட்கார வைத்து ஊட்டினாள். சாப்பிட்டார். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்ததும் இறங்கிப் பின்னாலேயே வந்தார். மறுபடி உட்கார வைத்தாள், மறுபடி இறங்கினார். உச்சிக்குழி அதற்குள் கையகலம்கூட இல்லை. ஜெனோவா கொஞ்சம் யோசித்தாள். சோற்றுக் கிண்ணத்தையும் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு, ஒருக்களித்து, அவரோடு உள்ளே போனாள்.

உள்ளே பெருக்கும் சத்தம் கேட்டது. சங்கு வெளியே வந்தது, அறிவிப்பு வந்தது. மூட்டுவலியைப் பிலோமினாள் வந்து வாங்கிப் போனாள். ஆன்றோ அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டான்.

“ஏட்டி, மூடப்போவுது! வெளிய வந்துரு” என்றார் கிளமென்ட்.

“இப்பத்தாங்க ஒரு எடத்துல உக்காந்து சாப்பிடுதாரு. நான் எந்திரிச்சா எறங்கிருவாரு.”

“அப்ப என்ன செய்ய?”

“சாத்திக்கிடுதேன்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளமென்ட் உச்சியைத் தடவிப் பார்த்தார். கெட்டியாக, நன்றாக இருந்தது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

மத்தியானம் மீன்குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து, ஆன்றோவின் காதருகே நீட்டினார். காது ஜன்னல்தானே; ஆள் நுழைய முடியாது, கை நீட்டலாம். உள்ளேயிருந்து வளையல் கை வந்து வாங்கிக்கொண்டது.

“உப்பு கம்மிங்க” என்றாள் ஜெனோவா. “சரி, டெல்பின இங்க காதுகிட்ட கொண்டாங்க. பால் குடுக்கணும்.”

கிளமென்ட் டெல்பினைத் தூக்கிக்கொண்டு போய் ஆன்றோவின் காதருகே பிடித்தார்.